முதலாளி இல்லாத கம்பனி

கமர் ரேடியோ கம்பனியில் முதலாளி கிடையாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை முதல் நாளே முதலாளி நேரில் சொல்லிவிடுவார்.

அவர் பெயர் அச்சிமுகம்மது ஹாஜியார். சாய்ந்தமருதில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், முன்பு நெல் ஸ்டோராக இருந்த நீளக் கட்டடத்தில் அவருடைய கம்பனி இருந்தது. எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வந்திறங்கிய காலம். ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும். நீண்ட மேசையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவற்றைப் பொருத்தி ஈயம் வைத்து ஒட்டிக் கைமாற்றிக்கொண்டே போவார்கள். மேசையின் மறுமுனையில் ரேடியோவாகிப் பாடத் தொடங்கும்.

எண்பத்திரண்டில் ஹாஜியார் ஜப்பானுக்குப் போய்வந்தார். போகும்போது முதலாளியாகத்தான் போனார். வந்ததும் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"இண்டையிலருந்து இஞ்ச முதலாளி எண்டு ஒருத்தரும் இல்ல. நாம எல்லாரும் பங்காளிகள். ஒருத்தர ஒருத்தர் ஏவப்படாது. அவங்கவங்க தன்னத்தானே ஏவிக்கொள்ளணும். ஜப்பான்ல அப்பிடித்தான்."

காணி வழக்குகளில் பங்காளிகளோடு கல்முனைக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த சிலருக்கு அந்தச் சொல் கொஞ்சம் கலக்கத்தைக் கொடுத்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

மாற்றங்கள் உடனே வந்தன. யாரும் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்பதற்காக ஹாஜியாரின் அறைக் கதவு கழற்றப்பட்டது. அப்படியே எல்லாரும் வரத் தொடங்கியதால், வாசலில் கதிரை போட்டு ஒரு ஆளை உட்கார்த்த வேண்டி வந்தது. சுப்பவைசராக இருந்த பக்கீர் முகைதீன் அந்தப் பதவியை இழந்து 'மூத்த சமமானவர்' ஆனார். அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இப்போது சமமாக நின்றார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் சுயமுன்னேற்ற வகுப்பு வைத்தார்கள். அதற்கு யாரும் வந்தேயாக வேண்டும் என்றில்லை. வராதவர்கள் தாங்கள் ஏன் விரும்பி வரவில்லை என்று விளக்கினால் போதும். வியாழக்கிழமை பின்னேரங்களில் சுதந்திரக் கூட்டம் நடக்கும். அதில் எல்லாரும் மனதில் பட்டதைப் பேசலாம். என்ன பேசுவது என்று பக்கீர் முகைதீன் முதல் நாளே சொல்லிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் சரீபா பிள்ளை பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அவளுடைய புருசன் மீராசா மேசன் வேலைக்காரன். மருதமுனையில் ஒரு மாடி வீட்டுக்குச் சாரம் கட்டும்போது விழுந்து இடுப்பு அடிபட்டுப் படுத்தவன், இன்னும் எழும்பவில்லை. பிள்ளைக்கு மூன்று மாதம். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருந்திருப்பாள். அடுப்பு எரிய வேண்டுமே என்று வந்துவிட்டாள். மீராசாவின் தங்கை நதீரா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் கம்பனிக் கேற்றடிக்கு வருவாள். சரீபா ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாள்.

கேற்றைக் காத்தவர் திருக்கோவில் ஊர் ஆள், தங்கத்துரை. அவர் தன்னுடைய ஸ்டூலைப் பூவரச மரத்துக்குப் பின்னால் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த நேரம் முழுக்க வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஆறுதலா இரு தங்கச்சி. அவசரப்பட்டா பிள்ளைக்குப் புரையேறும்" என்று திரும்பாமலே சொல்வார்.

முதல் கிழமை முடியும்போது பக்கீர் முகைதீன் அவளைக் கூப்பிட்டார்.

"சரீபா, மேசயில ஒங்கட எடம் வெறுமையாக் கிடந்திச்சி."

"புள்ளைக்குக் குடுக்கப் போன நானா. நாளைக்கும் போகணும். கொஞ்சம் அனுமதி தாங்க."

பக்கீர் முகைதீன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சொல்ல இஞ்ச கதைக்கப்படாது. அனுமதி குடுக்க நான் ஆர்? ஹாஜியார்ட்டப் போங்க. கதவு தொறந்துதான் இரிக்கி."

கதவில்லாத வாசலில் இருந்த ஆள் அவளைக் கொஞ்சநேரம் காக்கவைத்து உள்ளே விட்டான். ஹாஜியார் மேசையை விட்டு எழுந்து வந்து, அவளை உட்காரச் சொல்லி, பிள்ளையின் பேர் கேட்டார். ஜெஸீமா என்றாள். நல்ல பேர் என்றார். பிறகு வருத்தமாக அவளைப் பார்த்தார்.

"நீங்க என்னிட்ட அனுமதி கேக்கிறீங்க. நான் ஓம் எண்டு சொன்னா என்ன நடக்கும்? நான் முதலாளியாப் போயிடுவன். இல்ல எண்டு சொன்னாலும் முதலாளியாப் போயிடுவன். ஒரு பச்சப்புள்ளட பேரச் சொல்லி என்ன மறுகா முதலாளியாக்கப் பாக்கிறீங்களே, இது ஞாயமா?"

தான் ஏதோ பெரிய பிழை செய்யவிருந்ததுபோலச் சரீபாவுக்கு இருந்தது. "அப்ப நான் போகலாமா ஹாஜியார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அத நீங்கதான் தீர்மானிக்கணும். ஒங்களுக்கு அந்தச் சுதந்திரம் இரிக்கி. அதுக்காகத்தானே நான் அந்தக் குளிருக்குள்ள அலைஞ்சி படிச்சிட்டு வந்த."

அன்று வீட்டுக்குப் போய் மீராசாவிடம் சொன்னாள். அவன் முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"மறுகா என்ன, நல்லதுதானே" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதலாளி இருந்தாலாவது ஏசுவான். ஏசி முடிஞ்சா விடுவான். இது எங்க போய் முடியுமோ தெரியா" என்றான்.

அவள் தானே தீர்மானித்து, மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் கேற்றடிக்குப் போனாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் பக்கீர் முகைதீன் எழும்பினார்.

"நம்மட பங்காளி ஒருத்தர் தன்னிச்சையாத் தீர்மானம் எடுத்திரிக்கிறாவு. பேர் சொல்லல்ல. சரீபா, எழும்புங்க."

"ஹாஜியார்தானே சொன்னாக, சுயமாத் தீர்மானி எண்டு."

"ஓம். சுயம் எண்டுறது எல்லாரையும் கேட்டு நாமளே தீர்மானிக்கிறது. கேக்காமத் தீர்மானிச்சா அதுக்குப் பேர் தன்னிச்சை. ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது."

அப்படியானால் எல்லாரையும் கேட்கிறேன் என்றாள் சரீபா. எல்லாரும் ஒருமித்துக் கை உயர்த்தினால்தான் தீர்மானம் என்பது அங்கே விதி. ஒரு கை குறைந்தாலும் அது ஆளுகை ஆகிவிடும் என்று ஹாஜியார் விளக்கியிருந்தார்.

விசயத்தைக் கூட்டத்தில் பேசுவது எளிதாக இருக்கவில்லை. ஆண்களில் ஒருவரும் அதன் பேரைச் சொல்லத் துணியவில்லை. 'அந்த விசயம்' என்றார்கள். 'சம்பந்தப்பட்ட தேவை' என்றார் கணக்கு எழுதுகிறவர். பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். சரீபா எழுந்து நின்றபடியே இருந்தாள். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.

"புள்ள பகலைக்கு ஒருதரம் குடிச்சாப் போதாதா?" என்றார் ஒருவர்.

"பகலைக்கு வகுப்பு இரிக்கி" என்று இன்னொருவர் நினைவூட்டினார்.

"ஒரு கணக்கில பாத்தா அந்தப் புள்ளயும் நம்மட பங்காளிதான்" என்றார் ஹாஜியார். அவர் குரல் தழுதழுத்தது. "நாமெல்லாம் அதுக்காக இவ்வளவு யோசிக்கிறம். அதுவும் நம்மளோட கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன, பக்கீர் முகைதீனின் கையைத் தவிர. அவர் எதிர்க்கவில்லை. "எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. ஆனா மனம் இன்னும் ஆயத்தமாகல்ல. ஆயத்தமில்லாத மனசக் கட்டாயப்படுத்தினா அது பழய முறையாப் போயிடும்" என்றார். அவருடைய நேர்மையை ஹாஜியார் பாராட்டினார். விசயத்தை ஆராய ஒரு குழு போடப்பட்டது. தீர்மானம் வரும்வரை சரீபா கேற்றடிக்குப் போகாமலிருப்பாள் என்று எல்லாரும் அவள் சார்பில் நம்பிக்கை வைத்தார்கள்.

குழுவில் மூன்று ஆண்கள். அவர்கள் பூவரச மரத்தடிக்குப் போய் ஸ்டூலைப் பார்த்தார்கள். ஒருவர் அதில் உட்கார்ந்தும் பார்த்தார். தங்கத்துரையிடம் கருத்துக் கேட்டார்கள்.

"பிள்ளைக்குப் பசிக்குது ஐயா" என்றார் அவர்.

அதைத் தவிர வேறு கருத்து உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். கேற்றுக்கு வெளியே நிற்கிற ஆள் என்பதால் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

நதீராவுக்கு இந்த ஏற்பாடுகள் பிடிபடவில்லை. அவள் வழமைபோலப் பிள்ளையைக் கொண்டுவந்தாள். கேற்றடியில் ஜெஸீமா அழுவது மேசை வரைக்கும் கேட்டது. அழுகை கேட்டதும் சரீபாவின் நெஞ்சு நனைந்துவிடும். சட்டைக்குள் துணியை மடித்து வைத்திருந்தாள். அதுவும் ஊறி முந்தானையில் தெரியும். குனிந்துகொண்டே ஈயம் வைப்பாள். பக்கத்தில் இருந்த ஹாஜறா தன்னுடைய முந்தானைத் தலைப்பை எடுத்து அவள் தோள்மேல் போட்டுவிடுவாள். மறுமுனையில் ரேடியோ பரிசோதிக்கிற பொடியன்களுக்கும் அந்த அழுகை தாங்கவில்லை. அவர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

அடுத்த வியாழன் பக்கீர் முகைதீனின் மனம் ஆயத்தமாகவில்லை. அதற்கடுத்த வியாழன் கொஞ்சம் ஆயத்தமாகியிருப்பதாகச் சொன்னார். கூட்டம் மகிழ்ச்சி தெரிவித்தது. அதற்குப் பிறகு ஒரு கிழமை அவர் தலைமன்னாரில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். மனம் வராமல் கை மட்டும் தனியே உயர முடியாதென்று விசயம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்தக் கிழமை சரீபாவுக்கு நெஞ்சு கல்லாக இறுகிக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். வீட்டுக்கு வந்த மருத்துவமாது பார்த்துவிட்டு, "புள்ள குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். நீ இப்பிடி அடக்கி வெச்சா எப்பிடிகா பால் தங்கும்?" என்று ஏசினாள். எல்லாரும் கை உயர்த்த வேண்டும் என்பதை மருத்துவமாதுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

காய்ச்சல் விட்டது. பாலும் விட்டுவிட்டது. வேலையால் வந்து, முகம் கழுவி, பிள்ளையை அணைத்துப் பார்த்தாள். ஜெஸீமா கொஞ்சநேரம் முயன்றது. பிறகு வாயை எடுத்துவிட்டு, நதீரா கரைத்து வைத்திருந்த போத்தல் இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பியது. மீராசா அதைக் கண்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அடுத்த வியாழக்கிழமைதான் பக்கீர் முகைதீனின் கை உயர்ந்தது. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தரும் ஒருத்தரையும் ஏவாமல் ஒரு தீர்மானம் பிறந்திருக்கிறது, இதற்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்றார்.

சரீபா எழும்பி, "இனித் தேவையில்ல ஹாஜியார்" என்றாள்.

"ஏன்?"

"நிண்டுட்டு."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா பங்காளிகளே? நாம தீர்மானிக்க முந்தியே அவ தன்ட பிரச்சினயத் தானே தீர்த்துக்கொண்டாவு. இதுதான் சுயமுகாமை, தன்னத்தானே நடத்திக்கொள்றது. இதத்தான் நான் ஜப்பான்ல கண்ட."

அந்த ஆண்டு கம்பனி விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். மேடையில் ஹாஜியார் நடுவில் இருந்தார். எல்லாரும் சமம் என்பதால் நடுவில் யாராவது இருக்கத்தானே வேண்டும் என்று அவரே விளக்கினார். அதிகாரி பேசினார். இந்த நாட்டுத் தொழிலாளிக்கு எல்லாவற்றுக்கும் மேலிடத்தைப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது என்றார். அதனால் நாடு முன்னேறவில்லை என்றார். தானும் மேலிடத்தின் உத்தரவின்பேரில்தான் இந்த விழாவுக்கு வந்திருப்பதாகவும், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதையும் அவர்களே சொல்லியனுப்பியிருப்பதாகவும் சொல்லி அமர்ந்தார்.

பிறகு சரீபாவை மேடைக்கு அழைத்தார்கள். சுயமுகாமையில் சிறந்த பங்காளி என்று அறிவித்து, அவளையும் மூத்த சமமானவராக ஆக்கினார்கள். நினைவுப் பரிசாக ஒரு பெரிய பால்மா ரின்னை அதிகாரி அவள் கையில் கொடுத்தார். தகரத்தின் மேல் ஒரு கொழுத்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. படம் பிடிப்பவன் அவளையும் சிரிக்கச் சொன்னான். அவளால் முடிந்தவரை செய்தாள்.

பரிசை வீட்டுக்குக் கொண்டுபோனபோது மீராசா அதை வெளியே எறியச் சொன்னான்.

"எறிஞ்சா மறுகா என்னத்தக் கரைக்கிற?" என்று கேட்டுவிட்டு அவள் மூடியைத் திறந்தாள்.

மூத்த சமமானவரான பிறகு அவளுக்கு மேசையில் இருக்கும் வேலை இல்லை. மேசையின் ஓரமாக நடந்து, பெண்கள் தங்களைத் தாங்களே ஏவிக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அவள் பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் நடந்தாள். யாருக்காவது ஈயம் தீர்ந்தால் எடுத்துக் கொடுப்பாள். நிறையப் பேசுகிற ஆளாக இருந்தவள், இப்போது பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று பெண்கள் தங்களுக்குள் கதைத்தார்கள்.

ஒரு வருசத்துக்குப் பின் ஹாஜறா பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தாள். அவளுக்கும் வீட்டில் இருக்கிற நிலைமை இல்லை. புருசன் கட்டாருக்குப் போனவன், போனபின் ஒரு கடிதமும் இல்லை. முதல் நாள் காலையிலேயே அவளுடைய உம்மா பிள்ளையோடு வர, கேற்றடியில் அழுகை கேட்டது. ஹாஜறாவின் கை ஈயத்தை விட்டுவிட்டது. நிமிர்ந்து சரீபாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. முந்திய தீர்மானம் சரீபாவுக்கு மட்டும் எடுத்தது; புதிதாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பொடியன்களில் ஒருவன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டினான்.

சரீபா நேரே போய் அந்த ரேடியோவை நிறுத்தினாள். பிறகு ஹாஜறாவிடம் வந்து நின்றாள்.

"போ" என்றாள்.

"ராத்தா?"

"போ புள்ள. நான் சொல்றன், போ. ஒன்ட எடத்துல நான் இரிக்கன்."

அந்தக் கம்பனியில் மூன்று வருசத்துக்குப் பிறகு ஒரு ஆள் இன்னொரு ஆளைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஹாஜறா போனாள். சரீபா உட்கார்ந்து அவளுடைய வேலையைச் செய்தாள். ரேடியோக்கள் வழமைபோல மறுமுனைக்குப் போய்ப் பாடின. கொஞ்சநேரத்தில் ஹாஜறா வந்து தன் இடத்தில் இருந்தாள். அந்தக் கிழமை முழுக்க அப்படியே நடந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்ததால், விசயம் வெளியே தெரியக் கிழமை முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை பக்கீர் முகைதீன் கலங்கிப்போய் எழுந்தார்.

"எனக்குச் சொல்லவே கூச்சமாக் கிடக்கு. நமக்குள்ள ஒருத்தர் இன்னொருத்தரப் பாத்து, போ எண்டு சொல்லியிரிக்கிறாவு. ஒருதரமில்ல, பலதரம். நான் சொல்றன் எண்டும் சொல்லியிரிக்கிறாவு."

கூட்டத்தில் சலசலப்பு உண்டானது. ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். திறந்தபோது அவை உண்மையாகவே கலங்கியிருந்தன.

"சரீபா, இவங்க சொல்றது உண்மயா?"

"ஓம் ஹாஜியார்."

"நான் இந்தக் கம்பனியில என்ட முதலாளித்தனத்த என்ட கையாலேயே புதைச்சன். நீங்க அதத் தோண்டி எடுத்து உடுத்திரிக்கிறீங்க. ஏன்கா இப்பிடிச் செஞ்சீங்க?"

"புள்ள அழுதிச்சி" என்றாள் சரீபா.

"அழுகைக்கு ஒரு முறை இரிக்கி. கூட்டம் இரிக்கி. குழு இரிக்கி."



யாரையும் வேலையால் நிறுத்த அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே சரீபா இனி வரத் தேவையில்லை என்று எல்லாரும் சமமாக உணர்கிறார்களா என்று ஹாஜியார் கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பக்கீர் முகைதீனின் மனம் இந்தத் தடவை உடனே ஆயத்தமாக இருந்தது. பெண்களின் கைகள் மெதுவாக, ஒருத்தி மற்றவளைப் பார்த்துப் பார்த்து உயர்ந்தன. ஹாஜறாவின் கை உயரவில்லை. அவள் கைகளை மடிக்குள் பூட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏகமனதாகணும்" என்றார் ஹாஜியார். "அதுவரைக்கும் ஒருத்தரும் எழும்பப்படாது. ஆறுதலா யோசிங்க."

அந்த நேரம் பார்த்துக் கேற்றடியில் ஹாஜறாவின் பிள்ளை அழத் தொடங்கியது. முதலில் சிணுங்கலாகக் கேட்டது. பிறகு வீரிட்டு அழுதது. தங்கத்துரை ஏதோ சொல்லித் தேற்றுவதும் கேட்டது. கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹாஜறாவின் முந்தானை நனைந்து வருவதைச் சரீபா கண்டாள்.

"கையத் தூக்கு ஹாஜறா" என்றாள்.

ஹாஜறா தலையை ஆட்டினாள்.

"புள்ள காத்துக்கிட்டு நிக்கிது. தூக்குகா. நான் சொல்றன்."

ஹாஜறாவின் கை உயர்ந்தது. சொல்லியவளும் ஒரு பங்காளி என்பதால் அவளுடைய கையும் வேண்டும் என்று பக்கீர் முகைதீன் நினைவூட்டினார். சரீபா தன் கையையும் உயர்த்தினாள். கூட்டத்தின் நடுவிலேயே அவள் இன்னொரு தடவை ஏவியிருப்பதையும் அவர் குறித்துக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக ஹாஜியார் அறிவித்து, எல்லாரும் எழும்பலாம் என்றார்.

ஹாஜறா செருப்பையும் போடாமல் ஓடினாள். மற்றவர்கள் மெதுவாகக் கலைந்தார்கள். சரீபா வாங்குப் பலகையில் இருந்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே அழுகை ஒருமுறை உச்சத்துக்குப் போனது, பிறகு விக்கலாகியது, பிறகு நின்றது.

அதன்பிறகுதான் அவள் எழும்பினாள்.